வாசலில் நின்று திருப்பிக் கொடுக்கக்கூடிய பணம்

பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். எத்தனை அறை, காவேரித் தண்ணீர் வருமா என்பதெல்லாம் அப்புறம்தான். முதல் பேச்சே அட்வான்ஸ். லிங்கராஜபுரத்தில் நான் இருக்கும் வீட்டுக்கு மாத வாடகை 11,000. வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை முதலிலேயே வாங்கிக்கொண்டார். 1,10,000 ரூபாய் புரட்ட எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்கிறது. ஆனால் அது மாதிரிதான், மாநிலங்கள் எடுத்துச் சட்டமாக்கினால்தான் அதற்கு உயிர். வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை நம்பிச் சாவியைக் கொடுக்கிறார், பயம் இருக்கத்தானே செய்யும். அதற்காக அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வதில்லை.

நானும் முன்பின் தெரியாத ஆணை நம்பி ஓர் அறைக்குள் போகிறேன், கதவு சாத்தப்படுகிறது. அதற்கு முன்னால் 500 ரூபாய் போடுங்கள் என்று கேட்டால், "நீ ஃப்ராடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைக்கிறார்கள்.

எஸ்கார்ட் என்று விளம்பரத்தில் போடுகிறோம். எங்களுக்குள் பேசும்போது தொழில் என்றுதான் சொல்வோம். வருகிறவர் கிராக்கி. கன்னடத்திலும் அதே சொல்தான், இந்த ஊரில் இரண்டு மொழியும் சேர்ந்து எங்களுக்குக் கொடுத்தது. நான் கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்தவள். 19 வயதில் மைசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் தையலுக்குச் சேர்ந்தேன். தொழிலுக்கு வந்து 9 வருடம் ஆகிறது. ஏஜென்ட் கிடையாது, என் போன், என் கணக்கு, என் முடிவு. புதிய ஆளிடம் முன்பணம் வாங்கலாமா, எவ்வளவு வாங்கலாம் என்பது எங்களுக்குள் ஓயாமல் நடக்கும் வாக்குவாதம். என் பக்கத்தை ஒருமுறை முழுதாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் வீண் அலைச்சல். அது உண்மைதான். சாயந்திரம் ஏழு மணிக்கு லிங்கராஜபுரத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆட்டோ பிடித்துப் பாருங்கள். சில்க் போர்டு தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் மகளை விட்டுவிட்டு, இன்னொருவருக்கு இன்று முடியாது என்று சொல்லிவிட்டுப் போய் இறங்கினால் போன் ஸ்விட்ச் ஆஃப். சும்மா பேசிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். மாதத்தில் இரண்டு மூன்று தடவை இப்படி நடந்த காலம் உண்டு. 500 ரூபாய் கேட்க ஆரம்பித்த பிறகு அது அநேகமாக நின்றுவிட்டது. இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. மேக்கப் போடுகிறவர், போட்டோ எடுக்கிறவர், மண்டபக்காரர் எல்லோரும் இதற்காகத்தான் அட்வான்ஸ் வாங்குகிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய காரணம் பெயர். 2016ல் யுபிஐ வந்த பிறகு யார் பணம் போட்டாலும் வங்கியில் உள்ள பெயர் தெரிகிறது. போனில் ஒருவர் தன் பெயரை ராகுல் என்பார், அர்ஜுன் என்பார். பணம் வரும்போதுதான் அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் வரும். அந்தப் பெயரை வைத்து நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை. ஆனால் என் போனில் அது பதிவாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். ஒரு தோழிக்கு அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் ஆட்டோ ஏறுவேன். நான் திரும்பி வராவிட்டால் எங்கே தேடுவது என்று அவளுக்கு ஒரு நூல் கிடைக்கும். தன் பெயர் ஓர் இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்த மனிதன் கையை ஓங்குவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடிக்காகத்தான் கேட்கிறேன்.

இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாலியல் தொழிலாளிகளுக்கும் கண்ணியமாக வாழும் உரிமை உண்டு, அது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் வருகிறது என்று 2022 மே 19 அன்று நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னதல்லவா, அந்த வழக்கு தொடங்கியது ஒரு கொலையில். 1999ல் கொல்கத்தாவில் எங்களைப் போன்ற ஒரு பெண்ணை ஒருவன் அடித்துக் கொன்றான். 2011ல் அவனுடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், அதோடு கோப்பை மூடாமல், அதையே எங்கள் எல்லோருடைய மறுவாழ்வுக்கான பொதுநல வழக்காக மாற்றியது. ஆதார் அட்டை இல்லாத பெண்களுக்கு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் சான்றை வைத்தே ஆதார் கொடுக்க வேண்டும் என்று 2022ல் வந்ததும் அந்த வழக்கில்தான். ஆதார் இருந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு இருந்தால் யுபிஐ. ஆக, நான் கேட்கும் 500 ரூபாய்க்குப் பின்னால் அந்தக் கொல்கத்தாப் பெண் நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றும்.

சரி, அப்படியென்றால் நிறைய வாங்கினால் இன்னும் நல்லதுதானே, பாதியாவது வாங்கிவிடு என்று சொல்கிற தோழிகள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஏன் மாறினேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு சர்வீஸ் அப்பார்ட்மென்ட். முதல் நாளே பாதிப் பணம் போட்டுவிட்டார். மரியாதையான பேச்சு, நல்ல தமிழ். அந்தப் பணத்தை அன்றைக்கே மகளின் ஃபீஸுக்குக் கட்டிவிட்டேன். மறுநாள் போனால், கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி ஷூ கிடந்தது. உள்ளே இன்னொரு ஆண் குரல். ஒருவர் என்றுதான் பேச்சு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "பாதிப் பணம் போட்டாச்சு இல்ல மேடம்?" என்றார்.

என் கணக்கில் அப்போது 300 சொச்சம் ரூபாய் இருந்தது. திருப்பிக் கொடுக்க முடியாது. வேண்டாம் என்று சொன்னால் பணத்தைத் தின்றுவிட்டு ஓடியவள் ஆகிவிடுவேன். உள்ளே போனேன். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட, அந்தப் பாதிப் பணத்தின் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. எனக்குப் பாதுகாப்பு என்று நினைத்து நான் வாங்கிய பணம் என் வாயை அடைத்துவிட்டது. அவர் பணம் போட்ட நிமிடத்திலிருந்து, முடியாது என்று சொல்லும் உரிமையை நான் அவரிடம் அடகு வைத்துவிட்டேன். அதை மீட்கக் கையில் காசில்லை.

என் அப்பா தவில் வாசித்தவர். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து வெற்றிலை பாக்கோடு 101 ரூபாய் வைத்து அச்சாரம் கொடுப்பார்கள். வாங்கிவிட்டால் அந்தத் தேதி அவர்களுடையது. அதே நாளுக்கு இரண்டு மடங்கு பணத்தோடு வேறு ஊர்க்காரர்கள் வந்து கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன், அப்பா போகவில்லை. கல்யாணம் நின்றுபோனால் அச்சாரம் அப்பாவுக்கு. அப்பாவுக்கு ஒருமுறை கடும் காய்ச்சல், எழுந்து உட்காரவே முடியவில்லை. அண்ணனிடம் 101 ரூபாயையும் வெற்றிலையையும் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காவேரிப்பட்டணத்திலிருந்து வேறு செட்டுக்கும் ஏற்பாடு செய்தார்.

அட்வான்ஸ் வேறு, அச்சாரம் வேறு. அட்வான்ஸ் என்பது விலையில் ஒரு பகுதி. அச்சாரம் என்பது வாக்குக்கு அடையாளம், அது இரண்டு பேரையும் கட்டும். இதை நான் சொல்வதாக மட்டும் நினைக்க வேண்டாம். வீடு, நிலம் விற்கிற ஒப்பந்தத்தில் வாங்குகிறவர் பின்வாங்கினால் அச்சாரத்தைத்தான் பறிமுதல் செய்யலாம், விலையின் பகுதியாகக் கொடுத்ததைச் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2012ல் ஒரு தீர்ப்பில் பிரித்துச் சொல்லியிருக்கிறது. 101 ரூபாய்க்கு அப்பாவைத் தன் ஆள் என்று எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் நினைத்ததில்லை. தொகை சின்னதாக இருந்ததால்தான் அதில் மரியாதை இருந்தது.

அதனால் நான் இப்போது புதியவர்களிடம் அச்சாரம்தான் வாங்குகிறேன். 500 ரூபாய், அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. அவர் தானாக அதிகம் போட்டால் மீதியை உடனே திருப்பி அனுப்பிவிடுவேன். வேலை முடியும்வரை அந்தப் பணத்தைத் தொட மாட்டேன். கடன்காரன் வாசலில் நின்றாலும் தொட மாட்டேன். என்னால் போக முடியாவிட்டால் முழுதாகத் திருப்பிவிடுவேன். அவர் முதல் நாளே சொல்லிவிட்டு ரத்து செய்தாலும் திருப்பிவிடுவேன். நான் கிளம்பின பிறகு போனை அணைத்தால் மட்டும் அது என்னுடையது. பழகியவர்களிடம் கேட்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம், வாசலில் ஏதாவது சரியில்லை என்று பட்டால் அங்கேயே நின்று போனை எடுத்து 500 ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டு இறங்கி வர முடிய வேண்டும். போன வருடம் கோரமங்களாவில் அப்படிச் செய்தேன். கதவைத் திறந்தவர் நிற்க முடியாத போதையில் இருந்தார். "சார், உங்க பணம் வந்துடுச்சு, பாருங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன். மூன்றாவது மாடி. கீழே வந்ததும் கை நடுங்கியது, ஆனால் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த அன்றைக்கு இருந்ததுபோல் இல்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். புதிய ஆள் பயப்படுவதில் தப்பே இல்லை. யாரோ ஒரு பெண்ணின் படத்தைத் திருடிப் போட்டு விளம்பரம் கொடுக்கும் கும்பல்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. முதலில் புக்கிங் என்று ஒரு தொகை, அப்புறம் ஹோட்டல் கேட் பாஸ், அப்புறம் திருப்பித் தரும் டெபாசிட் என்று ஒவ்வொன்றாக க்யூஆர் கோடு வரும். கடைசியில் நம்பர் பிளாக். அதோடு விட்டால் பரவாயில்லை. வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டி மறுபடியும் பிடுங்குகிறவர்களும் உண்டு. மாட்டியவர் வெட்கப்பட்டுக்கொண்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக்கூடக் கூப்பிடுவதில்லை. கூப்பிட வேண்டும், அந்த எண் அதற்காகத்தான் இருக்கிறது. பத்துப் பேர் இப்படி ஏமாந்த ஊரில் பதினோராவதாக நான் 500 ரூபாய் கேட்டால் எப்படி நம்புவார்கள்? ஆனாலும் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கும்பல் ஒரு தடவை வாங்கிவிட்டு நிறுத்தாது. இரண்டாவது தடவை யாராவது கேட்டால் அங்கே பெண்ணே இல்லை என்று அர்த்தம்.

நம்பிக்கை மோசடி நடந்தால் இரண்டு பேருக்குமே போக இடமில்லை என்பதுதான் இதில் வேதனை. 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் 23ஆவது பிரிவில், ஒழுக்கத்துக்குப் புறம்பான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்கு உதாரணமே, தன் மகளை ஒருவருக்கு வைப்பாட்டியாக வாடகைக்கு விடுவதாக ஒருத்தி செய்யும் ஒப்பந்தம்தான். அது குற்றமாக இல்லாவிட்டாலும் செல்லாது என்று அந்த உதாரணம் சொல்கிறது. என் தொழில் தன்னளவில் குற்றமில்லை. ஆனால் எனக்கு ஒருவர் தர வேண்டிய பணத்துக்காக நான் நீதிமன்றப் படி ஏற முடியாது. அவருக்கும் அதே கதிதான். சட்டம் பின்னால் நிற்காத இடத்தில், இரண்டு பேரும் முதலிலேயே கொஞ்சம் கையை நீட்டித்தான் ஆக வேண்டும்.

பெயர் தெரிவதைப் பற்றிச் சொன்னேன். அது இரண்டு பக்கமும் வெட்டும். அவர் பணம் அனுப்பும்போது என் உண்மைப் பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, அவர் திரையில் வருகிறது. இப்படிக் கிடைத்த என் தோழி ஒருத்தியின் பெயரை வைத்து அவளுடைய தம்பியின் பக்கத்தைத் தேடிப் பிடித்து, இலவசமாக வா, இல்லையென்றால் சொல்லிவிடுவேன் என்று ஒருவன் மிரட்டினான். அவள் நம்பரையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொருத்தி, தன் பெயர் வெளியே வர வேண்டாம் என்று அக்கா மகனின் கணக்கில் பணம் வாங்கினாள். அவனுக்கு 20 வயது, காலேஜில் படிக்கிறான். அவள் நல்லதைத்தான் நினைத்தாள். ஆனால் 1956ஆம் வருடத்து ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, 18 வயது தாண்டிய யாரும் தெரிந்தே இன்னொருவரின் இந்த வருமானத்தில் வாழ்ந்தால் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. அவன் கணக்கில் வரிவரியாக அந்தப் பணம் விழுந்துகொண்டிருந்தால் அவன் யாரிடம் போய் விளக்குவான்? நான் சொல்லித்தான் நிறுத்தினாள். யார் பெயரிலும் வாங்காதீர்கள், பிள்ளைகள் பெயரில் வாங்கவே வாங்காதீர்கள்.

கணக்கு முடங்குவதும் நடக்கிறது. யாராவது ஏமாந்துவிட்டேன் என்று சைபர் புகார் கொடுத்தால் அந்தப் பணம் போன கணக்கில் அந்தத் தொகையை எடுக்க முடியாமல் வங்கி நிறுத்திவைக்கும். சில சமயம் கணக்கே நின்றுவிடும். பொய்ப் புகாராக இருந்தாலும் அதை நீக்க மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதனால்தான் வீட்டு வாடகை, ஃபீஸ் போகிற கணக்கை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறேன். வேறு சிம், வேறு கணக்கு. திருப்பி அனுப்பிய 500 ரூபாயின் வரிகளை நான் அழிப்பதே இல்லை. ஏமாற்றுகிறவள் பணத்தைத் திருப்புவாளா என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் இருப்பது அவைதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், எல்லோரும் முன்பணம் வாங்கியே ஆக வேண்டும் என்று விதி போடும் தோழிகளோடு எனக்கு உடன்பாடில்லை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்கும் ஓர் அக்கா இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்த தமிழ். அவரிடம் பட்டன் போன்தான். யாரிடம் போய் அவர் அட்வான்ஸ் கேட்பார்? ஆள் வருவான், பேசுவான், அடுத்த பத்து நிமிடத்தில் முடிவாக வேண்டும். போலீஸ் ஜீப் வருவதற்குள் நகர வேண்டும். பொது இடத்தில் நின்று அழைப்பதுதான் அந்த 1956ஆம் வருடத்துச் சட்டத்தில் 8ஆவது பிரிவின்படி குற்றம். அதனால் அடி வாங்குவதெல்லாம் அவரைப் போன்றவர்கள், என்னைப் போல் போனில் பேசுகிறவர்கள் இல்லை. முன்பணம் வாங்குகிறவள்தான் தன்மானம் உள்ளவள் என்று நாங்கள் பேச ஆரம்பித்தால் அந்த அக்காவை எங்கே நிறுத்துகிறோம்?

அவரிடம் கேட்டேன், "எப்படிக்கா ஆளை நம்புறீங்க?" என்று. அவர் சொன்னார். "முதல்ல டீ வாங்கித் தரச் சொல்லுவேன் பாப்பா. கடைக்காரன்கிட்ட எப்படிப் பேசுறான்னு பார்ப்பேன். மீதிச் சில்லறைக்கு அந்தப் பையனை வாடா போடான்னு திட்டினான்னா நான் போக மாட்டேன். கடை வாசல்ல இருக்கற நம்ம பொண்ணுங்க அவன் மூஞ்சியப் பார்த்து வச்சுக்குவாங்க." அவருக்கு அச்சாரம் அந்த டீதான். பத்து ரூபாயில் அவனுடைய குணமும் தெரிந்துவிடுகிறது, சாட்சிக்கு ஆளும் கிடைத்துவிடுகிறது. எனக்கு யுபிஐ தருகிறதைவிட அதிகமாகவே தருகிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு புதியவர் கூப்பிட்டார். நாற்பதைத் தாண்டிய குரல், சேலம் பேச்சு. 500 ரூபாய் அச்சாரம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "பணம் பிரச்சினை இல்லைங்க. கணக்குல என் பேர் வரும். அந்த ஸ்டேட்மென்ட்டை வீட்ல பார்ப்பாங்க" என்றார். மற்றவர்களைப் போல் திட்டவில்லை, போனையும் வைக்கவில்லை. எனக்கு அந்த அக்கா ஞாபகம் வந்தார். அப்படியென்றால் நாளைக்குக் காலையில் பதினோரு மணிக்கு ஃப்ரேசர் டவுனில் நின்று சாப்பிடும் தர்ஷினி ஓட்டல் ஒன்றுக்கு வாருங்கள், காபி குடிக்கலாம், வேறொன்றும் இல்லை என்றேன்.

வந்தார். நின்றபடியே குடித்தோம். ஊரைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசினார். பக்கத்து மேசையில் என் தோழி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. காபிக்கு அவர்தான் காசு கொடுத்தார். கவுண்ட்டரில் இருந்த பையன் அவசரத்தில் பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டான். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "தம்பி, இன்னும் பத்து ரூபா வரணும்பா" என்று மெதுவாகக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை சரி என்றேன்.